டாலர்னா ரெஜிமென்ட் 1709-இல் அழிந்ததா, 2000-இல் கலைக்கப்பட்டதா?

கேள்வி இதுதான்: ஸ்வீடனின் டாலர்னா காலாட்படை ரெஜிமென்ட் 1709-இல், இன்றைய உக்ரைனிலுள்ள பொல்தாவாவில் ரஷ்யாவோடு நடந்த போரில், அழிந்துபோனது என்று ஓரிடத்தில் படித்தேன். அது 2000-இல் கலைக்கப்பட்டது என்று இன்னோரிடத்தில் இருக்கிறது. இப்போதும் ஃபாலுன் நகரில் அதே பெயரில் ஒரு ரெஜிமென்ட் இயங்குகிறது என்கிறார்கள். எதை நம்புவது?

மூன்றையும் நம்பலாம். ரெஜிமென்ட் என்றதும் சீருடை போட்ட ஆட்களை நினைத்துக்கொள்வதால்தான் குழப்பம் வருகிறது. பழைய ஸ்வீடனில் ஒரு மாகாண ரெஜிமென்ட்டின் அஸ்திவாரம் ஓர் ஒப்பந்தம். ஒரு பக்கம் அரசன், மறுபக்கம் அந்த மாகாணத்து விவசாயிகள். இத்தனை சிப்பாய்களை எப்போதும் குறையாமல் வைத்திருப்போம் என்று விவசாயிகள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார்கள். ஆகவே போர்க்களத்தில் எல்லோரும் செத்தாலும் ரெஜிமென்ட் சாகாது. ஊரில் கடன் அப்படியே நிற்கும். டாலர்னா ரெஜிமென்ட்டின் கதையை இந்தக் கடனை வைத்துப் பார்த்தால்தான் புரியும். போர்களின் பட்டியலை மட்டும் வைத்துப் பார்த்தால் நீங்கள் கேட்ட கேள்விதான் மிஞ்சும்.

முதலில் ஊர். ஸ்டாக்ஹோமுக்கு வடமேற்கே, நார்வே எல்லை வரை நீளும் மலையும் காடும் ஏரியும் நிறைந்த மாகாணம் டாலர்னா. ஃபாலுன் தாமிரச் சுரங்கம் இங்கேதான். 17ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவின் தாமிரத்தில் பெரும்பங்கு அந்த ஒரே குழியிலிருந்து வந்தது. ஸ்வீடன் போர் நடத்திய செலவில் கணிசமான பங்கும் அதிலிருந்துதான். இன்னொரு பெயரும் இந்த மாகாணத்துக்கு உண்டு: கலகக்காரர்கள். 1434-இல் எங்கெல்பிரெக்ட்டின் கிளர்ச்சி இங்கே தொடங்கியது. 1521-இல் டென்மார்க் அரசனுக்கு எதிராகக் குஸ்தாவ் வாசா ஆள் திரட்டியதும் இங்கேதான். அப்படி அரியணை ஏறிய அதே குஸ்தாவ் வாசாவுக்கு எதிராகவும் டாலர்னாக்காரர்கள் பலமுறை கிளம்பினார்கள். இந்த ஊர்க்காரர்களிடம் அரசாங்கம் எப்போதும் கொஞ்சம் பார்த்துத்தான் பேசும்.

ரெஜிமென்ட்டின் வேர் 1540-களில் இருக்கிறது என்று சொல்வார்கள். அப்போது இருந்தவை சில நூறு பேர் கொண்ட தனித்தனிக் குழுக்கள்தான். அவை ஒரே ரெஜிமென்ட்டாகத் திரண்டது 1620-களில், இரண்டாம் குஸ்தாவ் அடால்ஃப் காலத்தில். 1634-ஆம் ஆண்டு அரசியல் சட்டத்தில் பெயர் குறிப்பிடப்பட்ட இருபது காலாட்படை ரெஜிமென்ட்களில் இதுவும் ஒன்று. கொடியில் நீலத் துணிமேல் குறுக்காக வைத்த இரண்டு பொன்னிற அம்புகள், மேலே ஒரு கிரீடம். மாகாணத்தின் சின்னமும் அதேதான்.

அந்தக் காலத்து ஆள்சேர்ப்பு எப்படி இருந்தது என்பதைச் சொல்லாமல் ஒப்பந்தத்தின் அருமையை விளக்க முடியாது. தேவாலயத்தில் ஊர் ஆண்களைக் கூட்டி, பத்துப் பேருக்கு ஒருவர் என்பது போன்ற கணக்கில் பிரித்து, ஒருவனைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு போவார்கள். அடுத்த ஆண்டும் வருவார்கள். இதன் விளைவைத் துல்லியமாகக் காட்டும் கணக்கு டாலர்னாவில் இல்லை, வடக்கே வேஸ்டர்போட்டன் மாகாணத்தில் இருக்கிறது. பிக்தெயோ என்ற ஒரே ஒரு பங்கின் (ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட ஊர் வட்டாரத்தைப் பங்கு என்பார்கள்) பதிவேடுகளை வரலாற்றாய்வாளர் யான் லிண்டெக்ரென் ஆராய்ந்தார். 1621-லிருந்து 1639-க்குள் அங்கிருந்து போலந்துக்கும் ஜெர்மனிக்கும் போன இளைஞர்கள் 230 பேர். அவர்களில் செத்தவர்கள் 215 பேர். ஊனமாகித் திரும்பியவர்கள் 5 பேர். பங்கில் வயதுவந்த ஆண்களின் எண்ணிக்கை 468-லிருந்து 288-ஆக இறங்கியது. பெரும்பாலோரைக் கொன்றது குண்டு அல்ல. முகாமில் பரவிய காய்ச்சலும் வயிற்றுப்போக்கும்தான்.

இந்தக் கொடுமையில் மிக மோசமான பகுதி நிச்சயமின்மை. யார் வீட்டுப் பிள்ளை எந்த ஆண்டு போவான் என்று யாருக்கும் தெரியாது. டாலர்னா விவசாயிகள் 1620-களிலேயே அரசனோடு பேரம் பேசியது இதனால்தான். நீங்கள் வந்து பிடித்துக்கொண்டு போகவேண்டாம், குறிப்பிட்ட எண்ணிக்கையை நாங்களே எப்போதும் நிரப்பித் தருகிறோம், எங்கள் பிள்ளைகளை விட்டுவிடுங்கள் என்பதுதான் சாரம். நாட்டிலேயே இந்த வகை ஏற்பாட்டுக்கு முன்னோடியாக இருந்த மாகாணங்களில் டாலர்னா ஒன்று. 1680-களில் பதினோராம் கார்ல் அரசன் இதை நாடு முழுவதற்கும் விரித்தான். ஒரு மாகாண ரெஜிமென்ட் என்றால் பொதுவாக 1,200 பேர், எட்டு கம்பெனி, கம்பெனிக்கு 150 பேர் என்று கணக்கு வந்தது. மூரா, ஓர்சா, லெக்சாண்ட், ரேட்விக் என்று டாலர்னாவின் கம்பெனிகளுக்கு ஊர்ப் பெயர்கள்தான். ஒரு கம்பெனி என்பது கிட்டத்தட்ட ஒரு பங்கும் அதன் சுற்றுவட்டாரமும்.

இந்த ஏற்பாட்டை ஒரு கம்பெனிக்குள் போய்ப் பார்த்தால் இப்படி இருக்கும். சில பண்ணைகளைச் சேர்த்து ஒரு கூட்டாக வைப்பார்கள். அதற்கு ரூத்தெ என்று பெயர். ஒரு ரூத்தெ ஒரு சிப்பாயைத் தரவேண்டும். டாலர்னாவில் நிலம் பிள்ளைகளுக்குள் பங்கு போட்டுப் பங்கு போட்டு துண்டு துண்டாகக் கிடந்ததால், ஒரு சிப்பாய்க்கு நிறையக் குடும்பங்கள் சேர்ந்து பொறுப்பேற்க வேண்டியிருந்தது. ஊரில் நிலமில்லாத ஒருவனைத் தேடிப் பிடித்து, கை நிறைய முன்பணம் கொடுத்து, ஆண்டுக் கூலி பேசி முடிப்பார்கள். நாட்டின் பல பகுதிகளில் ஒரு குடிசையும் சிறு காய்கறி நிலமும் ஒரு பசுவுக்கான தீவனமும் சேர்த்துத் தருவார்கள். குடிசையின் சுவரில் ரெஜிமென்ட், கம்பெனி, சிப்பாய் எண் எழுதிய பலகை தொங்கும். துப்பாக்கி, சீருடை எல்லாம் அரசாங்கத்தின் பொறுப்பு. மற்ற நாட்களில் அவன் வயலில் கூலி வேலை செய்யலாம், மரம் வெட்டலாம். அழைப்பு வந்தால் அணிவகுக்க வேண்டும்.

ஆனால் அவன் செத்தால்? குறித்த கெடுவுக்குள் ரூத்தெ இன்னொருவனைக் கொண்டுவந்து நிறுத்தவேண்டும். அவனும் செத்தால் அடுத்தவன். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பொதுக் கணக்கெடுப்பு நடக்கும். அந்தப் பதிவேடுகள் இன்றும் ஸ்டாக்ஹோமிலுள்ள ராணுவ ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. ஒவ்வொரு வரியிலும் எண், ரூத்தெ, பெயர், வயது, எத்தனை ஆண்டு சேவை, மணமானவனா இல்லையா என்று வரிசையாக எழுதியிருக்கும். தகுதியற்றவன் என்றால் பக்கத்தில் தள்ளுபடி என்று ஒரு குறிப்பு. ஸ்வீடன்காரர்கள் தங்கள் கொள்ளுத்தாத்தாக்களைத் தேடுவதற்கு இந்தப் பதிவேடுகளைத்தான் புரட்டுகிறார்கள். ஒரே கம்பெனியில் பத்து ஆண்டர்ஸ் ஆண்டர்சன்கள் இருந்தால் என்ன செய்வது என்பதால், சிப்பாய்களுக்கு ராஸ்க், மூடிக், ஸ்டோல் என்று சுருக்கமான தனிப்பெயர்கள் வைக்கும் வழக்கம் நாடெங்கும் வந்தது. பல இடங்களில் அந்தப் பெயர் ஆளுக்கு அல்ல, இடத்துக்குச் சொந்தம். பழைய ராஸ்க் செத்து, புது ஆள் வந்தால் அவனும் ராஸ்க். குடிசையில் இருந்த விதவைக்கு அந்த வீட்டில் இனி உரிமை கிடையாது. அதனால் புதிதாக வருகிறவன் அவளையே கட்டிக்கொள்வதும் சகஜமாக நடந்தது. கணவன் பெயர்கூட மாறாது. எனக்கு இந்த முழு அமைப்பிலும் மிகவும் உறைக்கும் விஷயம் இதுதான்.

இந்த இயந்திரம் எவ்வளவு தாங்கும் என்று சோதித்துப் பார்த்தது 1700-இல் தொடங்கிய பெரும் வடக்குப் போர். பன்னிரண்டாம் கார்ல் அரசன், ரஷ்யாவும் டென்மார்க்கும் சாக்சனி–போலந்தும் எதிரே. டாலர்னாக்காரர்களின் கர்னலாக அப்போது வந்தவர் மாக்னுஸ் ஸ்டென்பொக். 1700 நவம்பரில் நார்வாவில், பனிப்புயல் ரஷ்யர்களின் முகத்தில் அடித்துக்கொண்டிருந்த நேரத்தில், தங்களைவிட மூன்று மடங்குக்கு மேல் இருந்த படையை ஸ்வீடன் உடைத்தது. ஸ்டென்பொக்கும் அங்கே இருந்தார். 1702-இல் போலந்தின் கிளிஷூவில் இன்னொரு வெற்றி. 1708 ஜூலையில் ஹோலோவ்சின்: விடியுமுன் வாபிச் ஆற்றில் இறங்கிச் சேற்றில் தடுமாறி அக்கரை ஏறி ரஷ்ய அணியைப் பிளந்தார்கள். அரசனும் அவர்களோடு தண்ணீரில் இறங்கினான். அந்த வெற்றிகளைப் பற்றி எழுதியவை ஏராளம், நீட்ட வேண்டியதில்லை. கேள்வி பொல்தாவாவைப் பற்றியது.

தேதியில் ஒரு தொல்லை இருக்கிறது, முதலில் அதைத் தீர்த்துவிடுவோம். பொல்தாவா போர் ரஷ்யக் காலண்டரில் 1709 ஜூன் 27, இன்றைய காலண்டரில் ஜூலை 8, ஸ்வீடன் காலண்டரில் ஜூன் 28. மூன்றுமே ஒரே நாள். ஸ்வீடன் அப்போது பாதி மாற்றி, பாதி மாற்றாமல் உலகத்தில் வேறு யாருக்கும் இல்லாத ஒரு காலண்டரில் இருந்தது. பிறகு அந்தக் குழப்பத்தைச் சரிசெய்ய 1712-இல் பிப்ரவரி 30 என்று ஒரு நாளையே வைத்துக்கொண்டார்கள். புத்தகங்களில் தேதி முட்டினால் பயப்பட வேண்டாம்.

அன்று விடியற்காலையில் ஸ்வீடன் படை ரஷ்ய முகாமை நோக்கி நகர்ந்தபோது, வழியில் மண்கோட்டைகளின் வரிசை ஒன்று இருந்தது. குறுக்கே ஆறு கோட்டைகள், அவற்றிலிருந்து ஸ்வீடன் பக்கமாக நீண்ட நான்கு கோட்டைகள். மேலே இருந்து பார்த்தால் ஒரு பெரிய தடுப்பும் அதற்கு ஒரு காம்பும் போல. முன்னால் இருந்த இரண்டு கட்டி முடியாதவை. அவற்றை எளிதில் பிடித்தார்கள். திட்டப்படி மற்றவற்றைத் தாண்டிப் போயிருக்க வேண்டும். அரசனுக்குக் காலில் குண்டு காயம், அவரைக் கட்டிலில் தூக்கிக்கொண்டு போகிறார்கள். தளபதி ரேன்ஷோல்டுக்கும் காலாட்படைத் தலைவர் லேவன்ஹாப்ட்டுக்கும் பேச்சுவார்த்தையே சரியில்லை. திட்டம் கீழ்மட்ட அதிகாரிகளுக்குத் தெளிவாகப் போய்ச் சேரவில்லை. விளைவு: முக்கியப் படை தாண்டிப் போய்விட்டது, ஜெனரல் கார்ல் குஸ்தாவ் ரூஸ் தலைமையில் ஆறு பட்டாலியன்கள், ஏறத்தாழ 2,600 பேர், மூன்றாவது மண்கோட்டையின் முன்னால் நின்றுவிட்டார்கள். அந்த ஆறு பட்டாலியன்களில் டாலர்னா ரெஜிமென்ட்டும் இருந்தது.

மண்கோட்டை என்றால் ஒரு ஆழமான அகழி, உள்ளே செங்குத்தான மண்சுவர், மேலே கூர்க்கம்புகள், பின்னால் பீரங்கிகளும் துப்பாக்கிகளும். இவர்களிடம் ஏணி இல்லை. கனமான பீரங்கி இல்லை. கையில் ஈட்டியும் துப்பாக்கியும் வாளும்தான். மூன்று முறை பாய்ந்தார்கள் என்று எழுதியிருக்கிறார்கள். அகழிக்குள் விழுந்தவர்கள் மேலே ஏற முடியாமல் அங்கேயே சுடப்பட்டார்கள். டாலர்னாவின் கர்னல் குஸ்தாவ் ஹென்ரிக் ஃபோன் சீக்ரோத் அங்கேதான் உயிர்போகும் காயம் பட்டார். ஏறத்தாழ ஆயிரம் பேர் அந்த ஒற்றைக் கோட்டை முன்னால் விழுந்த பிறகு ரூஸ் பின்வாங்கினார். அதற்குள் முக்கியப் படை எங்கே போனது என்று அவருக்குத் தெரியவில்லை. ரூஸ் எங்கே என்று ரேன்ஷோல்டுக்கும் தெரியவில்லை. இரண்டு பேரும் மாறி மாறித் தூதர்களை அனுப்பித் தேடிக்கொண்டிருந்தார்கள். ரஷ்யர்கள் அதற்குள் நடுவே புகுந்துவிட்டார்கள். யாகொவ்ட்ஸி காட்டில் இன்னொரு அடி. கடைசியில் பொல்தாவா முற்றுகைக் கோட்டுக்கு அருகே காலியாகக் கிடந்த ஒரு அரண்வரை ஓடிவந்து, எஞ்சிய சுமார் 400 பேரோடு ரூஸ் சரணடைந்தார். அப்போது முக்கியப் போர் இன்னும் தொடங்கவே இல்லை.

பொல்தாவாவில் ஸ்வீடன் தோற்றதற்கு ரஷ்யர்களின் எண்ணிக்கையைத்தான் காரணமாகச் சொல்வது வழக்கம். எனக்கென்னவோ, காலாட்படையில் மூன்றில் ஒரு பங்கை ஒரு தெளிவான கட்டளை இல்லாததால் அதிகாலையிலேயே இழந்தது அதைவிடப் பெரிய காரணமாகப் படுகிறது. அன்று காலை டாலர்னா ரெஜிமென்ட் என்ற ஆட்கூட்டம் முடிந்தது. சில நாட்களில் பெரெவொலொச்னாவில் மீதிப் படையும் சரணடைந்தது. கைதிகள் மாஸ்கோவின் வெற்றி ஊர்வலத்தில் நடத்திச் செல்லப்பட்டார்கள். அதிகாரிகள் பலர் சைபீரியாவில் தொபோல்ஸ்க் வரை போய், தையல், தங்க வேலை, பாடம் சொல்லிக்கொடுப்பது என்று ஏதோ ஒன்று செய்து பிழைத்தார்கள். சாதாரணச் சிப்பாய்களுக்குச் சுரங்கமும் கட்டுமான வேலையும். 1721-இல் ரஷ்யாவோடு போரை முடித்த நிஸ்டாட் உடன்படிக்கைக்குப் பிறகுதான் உயிரோடிருந்தவர்களுக்கு விடுதலை.

சரி, ரெஜிமென்ட் அழிந்தது என்று எழுதியவர் இதைத்தான் எழுதியிருக்கிறார். இனி ஒப்பந்தத்தின் வேலையைப் பாருங்கள். பொல்தாவா நடந்தது கோடையில். செய்தி வந்ததும் ரூத்தெகளுக்கு உத்தரவு போனது: ஆள் போயிற்று, ஆள் கொடு. அதே ஆண்டு நவம்பரில் டென்மார்க் படை தெற்கே ஸ்கோனெயில் வந்திறங்கியது. அதை எதிர்க்கப் பழைய கர்னல் மாக்னுஸ் ஸ்டென்பொக்தான் இப்போது படைத்தலைவர். விவசாயிகளின் பிள்ளைகளை வைத்து அவசரமாகக் கட்டிய அந்தப் படையை ஆட்டுக்காரப் பையன்கள் என்று டென்மார்க்காரர்கள் கேலி செய்ததாக ஸ்வீடனில் இன்றும் சொல்வார்கள். 1710 மார்ச் 10-இல் ஹெல்சிங்போர்க்கில் அந்தப் பையன்கள் டென்மார்க் படையைக் கடலுக்குத் துரத்தினார்கள். தோற்றவர்கள் கப்பலேறுமுன், குதிரைகள் எதிரியின் கையில் சிக்கக்கூடாது என்று ஆயிரக்கணக்கான குதிரைகளை நகரத்துக்குள்ளேயே வெட்டிப்போட்டார்கள். ஊரில் மனிதன் இருக்க முடியாத நாற்றம். புதிய டாலர்னா ரெஜிமென்ட் அந்தப் போரில் இருந்தது. பொல்தாவாவிலிருந்து எட்டே மாதம்.

அப்புறம் 1712 டிசம்பரில் ஜெர்மனியில் காடெபுஷ். அங்கேயும் ஸ்டென்பொக், அங்கேயும் டாலர்னாக்காரர்கள். கார்ல் கிரோன்ஸ்டெட் என்ற பீரங்கி அதிகாரி, காலாட்படையோடு ஒட்டிக்கொண்டே முன்னேறக்கூடிய இலகுவான பீரங்கி முறையைப் பயன்படுத்திய போர் அது. வெற்றி பெரிது, ஆனால் போக வழியில்லை. அடுத்த வசந்தத்தில் டோனிங் கோட்டையில் அடைபட்டு, 1713 மே மாதம் ஸ்டென்பொக் தன் முழுப் படையோடு சரணடைந்தார். டென்மார்க் சிறையிலேயே 1717-இல் இறந்தார். ஊரிலோ பழைய கதைதான்: ஆள் போயிற்று, ஆள் கொடு. நான்கு ஆண்டுகளில் இரண்டாவது முறையாக ரெஜிமென்ட்டை அடியிலிருந்து நிரப்பினார்கள்.

அரசனின் கோணத்திலிருந்து பார்த்தால் இது ஓர் அற்புதமான அமைப்பு. லெக்சாண்டில் ஒரு சிறு பண்ணையிலிருந்து பார்த்தால் கழுத்தில் விழுந்த கயிறு. பிள்ளையைக் காப்பாற்றத்தான் ஒப்பந்தம் போட்டார்கள். கூலிக்கு வர நிலமில்லாதவர்கள் தீர்ந்துபோன பிறகு சொந்தப் பிள்ளையையே அனுப்பவேண்டி வந்தது.

அந்தக் கோபம் வெடித்தது ஒரு தலைமுறை கழித்து. 1741-இல் தொப்பிக் கட்சி என்று அழைக்கப்பட்ட ஆளும் தரப்பு, ரஷ்யாவிடம் இழந்ததை மீட்கப்போகிறோம் என்று பின்லாந்தில் ஒரு போரைத் தொடங்கியது. ஏற்பாடு எதுவும் சரியில்லை. டாலர்னா ரெஜிமென்ட்டும் போனது. போரில் செத்தவர்களைவிட நோயில் செத்தவர்கள் பல மடங்கு. 1742-இல் ஹெல்சின்கியில் படை சண்டையே இல்லாமல் சரணடைந்தது. மேலிடத்தின் முட்டாள்தனத்துக்கு எங்கள் பிள்ளைகளா என்று டாலர்னா கேட்டது. கம்பெனியும் பங்கும் ஒன்றே என்பதால் யார் வீட்டில் யார் செத்தார்கள் என்பது ஒவ்வொரு ஊருக்கும் பெயரோடு தெரியும்.

1743 ஜூனில் ஏறத்தாழ 4,500 பேர், விவசாயிகளும் சிப்பாய்களும் கலந்து, ஸ்டாக்ஹோமுக்கு நடந்தே கிளம்பினார்கள். மாகாண ஆளுநரையும் பிடித்துக் கூட இழுத்துக்கொண்டு போனார்கள். தோற்ற தளபதிகளைத் தண்டிக்கவேண்டும், அடுத்த அரசனாக டென்மார்க் இளவரசன் வரவேண்டும் என்பது கோரிக்கை. ஜூன் 20-இல் தலைநகருக்குள் நுழைந்தார்கள். முதிய அரசன் ஃபிரெட்ரிக் நேரில் வந்து சமாதானம் பேசியும் கேட்கவில்லை. ஜூன் 22-இல் இன்றைய குஸ்தாவ் அடால்ஃப் சதுக்கத்தில் அவர்கள்மேல் பீரங்கியும் துப்பாக்கியும் சுட்டன. செத்தவர்களும் காயம்பட்டவர்களும் சேர்த்து சுமார் 140 பேர். பிடிபட்டவர்கள் ஏறத்தாழ 3,000. தலைவர்களில் ஒருவரான கணக்கர் குஸ்தாவ் ஷெடினுக்கும், விவசாயிகளின் நாடாளுமன்ற உறுப்பினர் ஸ்கின்னார் பேர் ஆண்டர்சனுக்கும் மரண தண்டனை. அதே ஆண்டு கோடையில் பின்லாந்துத் தளபதிகள் புட்டன்புரோக், லேவன்ஹாப்ட் (பொல்தாவாவில் இருந்தவர் அல்ல, வேறொருவர்) இருவரின் தலையும் போனது. கோரிக்கை ஒன்று நிறைவேறியது, கேட்டவர்களையும் கொன்றுவிட்டுத்தான். அரசன் தேர்வில் ரஷ்யா சொன்ன ஆள்தான் வந்தார். ஸ்வீடன் வரலாற்றில் இதற்குப் பெரும் டாலர்னா நடனம் என்று பெயர். யார் வைத்த பெயரோ, கொஞ்சம் குரூரமான நகைச்சுவை.

18ஆம் நூற்றாண்டின் மீதியையும் நெப்போலியன் காலத்தையும் வேகமாகத் தாண்டலாம். 1814-இல் நார்வேயோடு நடந்த குறுகிய போருக்குப் பிறகு ஸ்வீடன் எந்தப் போரிலும் இறங்கவில்லை. ஆனால் ஒப்பந்தம் இன்னும் ஏறத்தாழ 90 ஆண்டு ஓடியது. சிப்பாய் குடிசையில் இருப்பான், கூலி வாங்குவான், ஆண்டுக்கு ஒருமுறை போர்லெங்கெவுக்குப் பக்கத்தில் ரொம்மெஹேட் என்ற பொட்டல் மைதானத்தில் சில வாரம் பயிற்சி செய்வான். பல ரெஜிமென்ட்களின் சிப்பாய்களை அரசாங்கம் மண்வெட்டி கொடுத்து வேலைக்கு அனுப்பியது. 1810 முதல் 1832 வரை கோத்தா கால்வாயை வெட்டியவர்கள் பெரும்பாலும் இந்த மாதிரிச் சிப்பாய்கள்தான், மொத்தம் 58,000 பேர் அளவுக்கு. ராணுவம் என்ற பெயரில் நாட்டுக்கு ஒரு மலிவான வேலைப்பட்டாளம்.

1901-இல் நாடாளுமன்றம் இந்த அமைப்பையே முடித்துவிட்டது. ரஷ்யா, ஜெர்மனி எல்லாம் லட்சக்கணக்கில் ஆட்களைத் திரட்டும்போது குடிசைச் சிப்பாயை வைத்து என்ன செய்வது? எல்லா இளைஞர்களுக்கும் கட்டாய ராணுவப் பயிற்சி, காலாட்படைக்கு 240 நாள் என்று முடிவானது. என்னைக் கேட்டால், பழைய டாலர்னா ரெஜிமென்ட் உண்மையில் முடிந்தது இந்த ஆண்டில்தான். இதை எந்தப் பட்டியலும் கலைப்பு என்று குறிப்பதில்லை, ஏனென்றால் பெயர், கொடி, எண் எல்லாம் தொடர்ந்தன. விவசாயியின் கடன் மட்டும் போய்விட்டது.

புதிய முறைக்குப் பாசறை வேண்டும். 1908-இல் ரெஜிமென்ட் ரொம்மெஹேடிலிருந்து ஃபாலுன் நகருக்குக் குடிபெயர்ந்தது. அந்தக் காலத்தில் நாடு முழுவதும் ஒரே மாதிரியான பாசறைகளுக்கு வரைபடம் போட்டவர் எரிக் யோசெப்சன் என்ற கட்டடக் கலைஞர். நடுவே பெரிய அணிவகுப்பு மைதானம், சுற்றிலும் உயரமான கட்டடங்கள். ஸ்வீடனில் எந்தப் பழைய ரெஜிமென்ட் நகரத்துக்குப் போனாலும் இந்த முகத்தைப் பார்க்கலாம். 1914-இலிருந்து இதன் சுருக்கக் குறியீடு ஐ 13. காலாட்படை வரிசையில் பதின்மூன்றாவது என்று பொருள். 1925-ஆம் ஆண்டு பாதுகாப்பு முடிவில் வேஸ்ட்மன்லாண்ட், வேஸ்டர்யோத்லாண்ட் போன்ற பழைய மாகாண ரெஜிமென்ட்கள் காலியானபோது டாலர்னா தப்பித்தது. இரண்டாம் உலகப் போரில் பக்கத்து நார்வேயில் ஜெர்மனி புகுந்தபோது எல்லைக்காவல். பனிப்போர் காலத்தில் ஃபாலுனின் வேலை, ஆண்டுதோறும் இளைஞர்களைப் பயிற்றுவித்து டாலர்னா பிரிகேட் என்ற போர்க்கால அமைப்புக்கு ஆள் நிரப்புவது.

இனி 2000. சோவியத் யூனியன் போய்ப் பத்து ஆண்டாகிவிட்டது. படையெடுப்பை எதிர்பார்த்துப் பெரும் படை வைத்திருப்பது வீண் செலவு என்று ஸ்டாக்ஹோம் முடிவெடுத்தது. 2000 ஜூன் 30-இல் டாலர்னா ரெஜிமென்ட்டும் அதன் பிரிகேடும் கலைக்கப்பட்டன. அதே ஆண்டு வேஸ்டர்போட்டன், வேஸ்டர்நோர்லாண்ட், வார்ம்லாண்ட் ரெஜிமென்ட்களும் போயின. ஊர்க்காவல் படையைக் கவனிக்க ஒரு சிறிய குழு மட்டும் மிஞ்சியது. ரெஜிமென்ட்டின் மரபை அதுதான் சுமந்தது. ஃபாலுன் போன்ற நடுத்தர நகரத்துக்கு இது வேலைவாய்ப்பிலும் பெரிய அடி. ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கான இளைஞர்கள் வந்துபோன இடம் அலுவலகங்களாக மாறியது. 2010-இல் கட்டாய ராணுவ சேவையையே நிறுத்தி வைத்தார்கள்.

2014-இல் ரஷ்யா கிரிமியாவை எடுத்துக்கொண்டதும் கணக்கு தலைகீழானது. 2017-இல் கட்டாய சேவையைத் திரும்பக் கொண்டுவர முடிவெடுத்தார்கள். 2020 டிசம்பரில் நாடாளுமன்றம் எடுத்த பாதுகாப்பு முடிவில், இருபது ஆண்டுகளுக்கு முன் மூடிய ரெஜிமென்ட்கள் சிலவற்றைத் திறக்கும் பட்டியலில் ஃபாலுனும் இருந்தது. பழைய பெயர், பழைய ஐ 13 எண், பழைய அம்புச் சின்னம் எல்லாம் திரும்பின.

ஆகவே உங்கள் கேள்விக்கு என் கணக்கு: 1709-இல் ஆட்கள் அழிந்தார்கள், 1713-இல் மறுபடியும் போனார்கள், 1901-இல் ஒப்பந்தம் போனது, 2000-இல் நிறுவனம் கலைந்தது, இப்போது நிறுவனம் திரும்பியிருக்கிறது. 1620-களின் அந்தப் படையும் இன்றைய ரெஜிமென்ட்டும் ஒன்றா என்று கேட்டால், ராணுவ மரபுப்படி ஆமாம். நான் அவ்வளவு எளிதாக ஆமாம் போடமாட்டேன். அன்று மூரா கம்பெனி என்றால் மூராக்காரன்தான் இருப்பான். இன்று கட்டாய சேவைக்குத் தேர்வாகும் இளைஞர்களையும் இளம்பெண்களையும் நாட்டின் எந்த மூலையிலிருந்தும் ஃபாலுனுக்கு அனுப்பலாம். உடல்தகுதியும் தேர்வு மதிப்பெண்ணும் பார்த்து ஒரு தேசிய அலுவலகம் முடிவுசெய்கிறது. எந்தப் பண்ணைக்கும் இதில் கடன் கிடையாது.